மகன் பைலட் ஆக என்ன வேண்டும்? முதலில் மெடிக்கல், காசு பிறகு

அக்கா, மகன் தமிழ் மீடியத்தில் கணிதப் பிரிவு ஏ.எல் எழுதியிருக்கிறார், பைலட் ஆக என்ன தகுதி வேண்டும், லைசன்ஸ் எடுத்தால் எதையெல்லாம் ஓட்டலாம் என்று ஆரையம்பதியிலிருந்து கேட்டிருந்தீர்கள். நான் களுவாஞ்சிகுடி, நானும் தமிழ் மீடியம்தான், இப்போது துணை விமானியாக இருக்கிறேன்.

எந்தப் பறத்தல் பள்ளிக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டுவதற்கு முன் முதலாம் வகுப்பு மெடிக்கலை, அதாவது சம்பளத்துக்குப் பறக்கும் விமானிக்கான உடற்தகுதிச் சான்றிதழை, எடுத்துவிடுங்கள். அதை எல்லா வைத்தியரும் செய்ய முடியாது, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்தவர்தான் செய்ய வேண்டும். கண்ணாடி போட்டால் பைலட் ஆக முடியாது என்று ஊரில் சொல்வார்கள், அது பிழை. கண்ணாடியோடு தேவையான அளவுக்குப் பார்வை வந்தால் போதும். ஆனால் நிறக்குருடு வேறு விஷயம். எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி, வீட்டார் வேளாண்மைக் காணியை ஈடு வைத்து ஒரு முகவரிடம் முற்பணம் கட்டிவிட்டார்கள், அதற்குப் பிறகுதான் மெடிக்கலுக்குப் போனான். நிறப்புள்ளிகளுக்குள் இருக்கும் எண்ணை அவனால் வாசிக்க முடியவில்லை, அடுத்து வைத்த சோதனையிலும் தேறவில்லை. பத்தொன்பது வயதுவரை தனக்கு இப்படி ஒன்று இருப்பது அவனுக்கே தெரியாது. கட்டிய காசு திரும்பி வரவேயில்லை. அவனுடைய அம்மா வாசலில் இருந்து அழுதது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மெடிக்கல் சரி என்றால் மற்றதெல்லாம் உழைப்பால் எடுக்கக்கூடியவை. தனியார் விமானி லைசன்ஸுக்கு 17 வயது, குறைந்தது 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அதை வைத்து ஆட்களை ஏற்றலாம், சம்பளம் வாங்க முடியாது. சம்பளத்துக்குப் பறக்க வணிக விமானி லைசன்ஸ் வேண்டும்: 18 வயது, மொத்தம் 200 மணித்தியாலம், ஒரே தொடர் பயிற்சியாக முடித்தால் 150. இதற்குள் 540 கிலோமீற்றருக்குக் குறையாத ஒரு தூரப் பயணம், இடையில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று போக வேண்டும், அதுவும் விமானத்துக்குப் பொறுப்பு நீங்களே. வானிலை, வழிகாட்டல், விமானச் சட்டம் என்று எழுத்துப் பரீட்சைகளும் உண்டு, கணிதம் படித்த பிள்ளைக்கு அது பயப்படும் விஷயமில்லை.

இந்த லைசன்ஸ் கிடைத்த அடுத்த நாளே பெரிய ஜெட்டில் ஏறலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு விமானி போதுமான சிறிய விமானங்களில், மட்டக்களப்புக்கு வரும் செஸ்னா கரவன் மாதிரி, தலைமை விமானியாக இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இரண்டு விமானிகள் கட்டாயமான ஏர்பஸ் ஏ320 போன்ற பெரிய ஜெட்களில் துணை விமானியாகத்தான் இருக்கலாம், அதற்கும் அந்த வகை விமானத்துக்கென்று தனிப் பயிற்சியும், மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியும் தனியாக எடுக்க வேண்டும், அவற்றுக்கும் காசு தனி. தலைமை இருக்கைக்கு 21 வயதும் 1500 மணித்தியாலமும் கேட்கும் இன்னொரு லைசன்ஸ் இருக்கிறது. மெடிக்கலையும் ஒருமுறை எடுத்ததோடு விட முடியாது, நாற்பது வயதுக்குக் கீழே ஆண்டுக்கொரு தடவை புதுப்பிக்க வேண்டும்.

ஆங்கிலத்தை நினைத்து நீங்கள் பயப்படுவது எழுதிய விதத்திலேயே தெரிகிறது. விமானிகளுக்கான ஆங்கிலத் தேர்ச்சியில் சர்வதேச அளவில் கேட்பது நான்காம் நிலை. உச்சரிப்பு வெள்ளைக்காரன் மாதிரி இருக்கத் தேவையில்லை, ரேடியோவில் எதிர்ப்பக்கம் பேசுபவரின் முகத்தைப் பார்க்காமலே விளங்கிக்கொள்ள வேண்டும், அவருக்கும் நாம் சொல்வது விளங்க வேண்டும். நான் ஒரு வருடம் தினமும் கூட்டாளி ஒருவனோடு போனில் ஆங்கிலத்தில் மட்டும் பேசிப் பழகினேன். மகனை இன்றைக்கே அதைத் தொடங்கச் சொல்லுங்கள், மெடிக்கல் பேப்பர் கைக்கு வந்ததும் எழுதுங்கள், எந்தப் பள்ளி என்பதை அப்போது பேசுவோம்.