லேபிள் சொல்லும் வயது

கேள்வி: அமெரிக்க விஸ்கிகளை விட்டுவிட்டு, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஜப்பான், தைவான், இந்தியா ஆகிய நாடுகளின் விஸ்கிகளை வாங்கிச் சேர்த்து, நண்பர்கள் சிலர் கூடி ஒப்பிட்டுச் சுவைத்து வருகிறோம். வயதே குறிப்பிடாத பெங்களூரு விஸ்கியைப் பன்னிரண்டு வயது ஸ்காட்ச்சுடன் ஒரே வரிசையில் வைப்பது முறையா என்பதில் எங்களுக்குள் ஓயாத வாக்குவாதம். தங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகர், லண்டன்

பதில்: தாராளமாக வைக்கலாம், வயதை அளவுகோலாகக் கொள்ளாமல் இருந்தால் போதும். லேபிளில் உள்ள எண், பாட்டிலில் சேர்ந்திருக்கும் விஸ்கிகளில் மிக இளையது எத்தனை ஆண்டு பீப்பாயில் கிடந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. ஸ்காட்லாந்தின் குளிர்ந்த கிடங்குகளில் பீப்பாயில் உள்ளதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகப் போகிறது என்றால், பெங்களூரில் அந்த இழப்பு 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். அங்கே ஒரு பீப்பாயைப் பன்னிரண்டு ஆண்டுகள் விட்டுவைத்தால், உள்ளே கால் பங்கை ஒட்டித்தான் மிஞ்சும். அதே வெப்பம், மரத்தின் நிறத்தையும் வெனிலா மணத்தையும் துவர்ப்பையும் விரைவாகச் சாராயத்தில் இறக்கிவிடுகிறது. தைவானின் இலான் பகுதியில் உள்ள கவாலான் ஆலை 2006-இல்தான் முதன்முதலாக வடித்தது. 2015-இல் அதன் வீன்யோ பாரிக் விஸ்கி, உலக விஸ்கி விருதுகளில் சிறந்த சிங்கிள் மால்ட்டாக (ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி) தேர்வானது. அதற்காக, வெப்பம் காலத்துக்கு முழு மாற்று என்று நான் சொல்லமாட்டேன். மரத்தின் சுவை சீக்கிரம் ஏறும். நீண்ட, மெதுவான முதிர்ச்சியில் சாராயத்தின் முரட்டுத்தனம் அடங்கிக் கனிவதற்கு அதற்குரிய ஆண்டுகள் ஆகத்தான் வேண்டும். இந்த இரண்டையும் நாக்கால் பிரித்தறிவதே உங்கள் ஒப்பீட்டின் பயன் என்பேன்.

அப்படிப் பிரித்தறிய வேண்டுமானால், பீப்பாய் வகை பொதுவாக இருக்கட்டும். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பழைய பீப்பாயில் முதிர்ந்த ஸ்காட்லாந்தின் க்ளென்மோரஞ்சி ஒரிஜினலையும், அதே வகைப் பீப்பாயில் கோவாவில் முதிர்ந்த பால் ஜான் பிரில்லியன்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னதன் ஆல்கஹால் செறிவு பெரும்பாலும் 40 சதவீதம். பின்னதன் செறிவு 46. முப்பது மில்லி பிரில்லியன்ஸில் நாலரை மில்லி தண்ணீர் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். இதைச் செய்யாமல் குடிப்பவர்கள், செறிவு கூடியதையே ‘நல்ல விஸ்கி’ என்று தீர்ப்பளித்துவிடுவதுண்டு. ஊற்றுபவர் ஒருவர், சுவைப்பவர்கள் வேறு சிலர் என்று பிரித்துக்கொண்டு, எந்தக் குவளையில் எது என்று தெரியாமலேயே முதலில் மணத்தையும் பிறகு சுவையையும் எழுதி வைப்பது இன்னும் நல்லது. அயர்லாந்தின் ரெட்பிரெஸ்ட் விஸ்கியை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். முளைகட்டிய பார்லியுடன் முளைகட்டாத பார்லியும் சேர்ந்து, எண்ணெய்ப் பசையும் மசாலாக் கார்ப்புமாக வருவதால், அதற்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குவதே நியாயம்.

கேள்வி: ஜப்பானிய விஸ்கி என்று வாங்கிச் சேர்த்த சில பாட்டில்களுக்குள் வெளிநாட்டுச் சரக்கும் கலந்திருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உண்மைதான். இறக்குமதியான விஸ்கியைக் கலந்து விற்பதற்கு அந்நாட்டுச் சட்டத்தில் நெடுங்காலமாகத் தடை இல்லை. 2021-இல் உற்பத்தியாளர் சங்கமே முன்வந்து ஒரு வரையறையை வகுத்தது: ஜப்பானியத் தண்ணீரைக் கொண்டு அங்கேயே நொதிக்கவைத்து, அங்கேயே வடித்து, மூன்று ஆண்டுகளாவது அங்கேயே மரப்பீப்பாயில் வைத்து, அங்கேயே பாட்டிலில் அடைத்தால்தான் ‘ஜப்பானிய விஸ்கி’ என்ற பெயரை இடலாம். 2024 மார்ச் வரை மாறிக்கொள்ள அவகாசமும் தரப்பட்டது. தன்னுடைய புகழ்பெற்ற ‘ஃப்ரம் தி பேரல்’ விஸ்கி இந்த வரையறைக்குள் வராது என்று ஜப்பானின் நிக்கா நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன், அந்த விஸ்கியும் மிகச் சுவையானது. ஆனால் ‘ஜப்பான் எதிர் ஸ்காட்லாந்து’ என்று ஒப்பிட அமரும்போது அதை ஜப்பானின் பக்கம் நிறுத்தக் கூடாது. அதற்கு யமசாகி, ஹாகுஷூ, யோயிச்சி போன்ற சிங்கிள் மால்ட்டுகளே ஏற்றவை. 1918-இல் ஸ்காட்லாந்துக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பிய மசதாக்கா தாக்கெத்சுரு, 1934-இல் ஹொக்கைடோவில் நிறுவிய யோயிச்சி ஆலையில், சாராயம் வடிக்கும் வாலைக்கு அடியில் இன்றும் நிலக்கரி எரிக்கிறார்கள். அதன் கனத்த, இலேசாகப் புகையேறிய சுவையைக் ஸ்காட்லாந்தின் கேம்பெல்டவுன் ஊரில் வடிக்கும் ஸ்பிரிங்பேங்க் விஸ்கிக்கு அருகில் வைத்துப் பாருங்கள். தாக்கெத்சுரு பயின்ற ஊர்களில் கேம்பெல்டவுனும் ஒன்று.

கேள்வி: பாட்டில்களை ஒயின் போலப் படுக்கவைக்கலாமா?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: கூடாது. செறிந்த ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும்; வெயில் படாத இடத்தில் நிமிர்த்தியே வையுங்கள். பாதிக்கும் கீழே இறங்கிய பாட்டிலில் காற்று சேர்ந்து மணம் மங்கும் என்பதால், அதைச் சிறிய கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிடலாம். திறக்கும் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஐம்பது மில்லியை முதல் நாளே தனியாக எடுத்து, பெயரும் தேதியும் எழுதி விளிம்புவரை நிரப்பி வைத்தால், அந்த விஸ்கி கடையில் கிடைக்காமல் போன பிறகும் புதிதாக வாங்குவதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.