சந்தா உணவுக்கு மாறியதும் லாப்ரடாருக்கு வயிறு இளகினால்

சந்தா கட்டி, உறைய வைத்த பாக்கெட்டாக வீட்டுக்கு வரவழைக்கும் நாய் உணவுக்கு மாறியதும் உங்கள் லாப்ரடாருக்கு வயிறு இளகுகிறது; சந்தாவை நிறுத்தலாமா, கொடுக்கிற காசுக்கு அது தகுமா என்று மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சந்தாவை இப்போதே நிறுத்த வேண்டாம், கொடுக்கும் அளவைக் குறையுங்கள். உலர் தீவனத்திலிருந்து ஒரே நாளில் புது உணவுக்கு மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். வயிறு இளகியதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது என்று தொடங்கி 7 முதல் 10 நாளில் முழுதாக மாற்றுங்கள்.

அடுத்த பெட்டி மார்த்தாண்டம் வந்து சேர்ந்ததும் பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள். கல்லாக உறைந்திருந்தால் நல்லது. உருகி, சில்லிப்பும் போயிருந்தால் நாய்க்கு வைக்கவே வேண்டாம்; படம் எடுத்து அனுப்பி மாற்றிக் கேளுங்கள். நம்மூர் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும், ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள்.

கொடுக்கிற காசுக்குத் தகுமா என்றால், நீர்ச்சத்து அதிகம், சாப்பிட மறுக்கும் நாயும் விரும்பித் தின்னும். ஆனால் 30 கிலோ நாய்க்கு முழுச் சந்தா பெரிய செலவு. நல்ல உலர் தீவனத்தில் கொஞ்சம் கலந்து கொடுத்தாலே போதும் என்பது என் கருத்து. பாக்கெட்டில் 'முழுமையான, சரிவிகித உணவு' என்ற குறிப்பு இல்லாவிட்டால் அதை மட்டுமே நம்பி வளர்க்காதீர்கள்.

செலவைக் குறைக்க வெறும் சோறும் கோழிக்கறியும் போட்டால் கால்சியம் போதாது. சாளை மீன் குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். குழம்பில் போடும் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம்.

மலத்தில் ரத்தம், வாந்தி, சோர்வு எது தெரிந்தாலும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.