மஞ்சள் கறையும் மகளின் நாவலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் மஞ்சள் வெள்ளாமை செய்கிறவன் நான்; வயது 72. கோவையில் வங்கியில் பணிபுரியும் என் மகள் நான்கு துப்பறியும் நாவல்கள் எழுதியிருக்கிறாள். சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பங்காளி ஒருவர், “ஏனுங்க, அம்மிணி கொலைக் கதையெல்லாம் எழுதுதாமா? வேற ஏதாச்சும் எழுதப்படாதுங்களா?” என்றார். சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அன்று இரவெல்லாம் என் மீதே எனக்குக் கோபம்.

அவளுடைய புது நாவலை மூன்று முறை படித்துவிட்டேன். வெள்ளையடித்த சுவரில் இருக்கும் சிவப்புக் கைத்தடத்தை ஊரே இரத்தம் என்று நம்ப, அது மஞ்சள் அப்பிய கை சுண்ணாம்பில் பட்ட தடம் என்று பின்னர் தெரியவருகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆனால் அந்தச் சுவர் பல வருடங்களுக்கு முன் வெள்ளையடித்தது என்று எழுதியிருக்கிறாள். பழஞ்சுவர் அப்படிச் சிவக்காது. ‘நன்றாக எழுதுகிறாய்’ என்றுகூட நான் அவளிடம் இதுவரை சொன்னதில்லை. முதல் பேச்சே பிழையைப் பற்றி இருக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

இருக்கலாம். உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த நாவலை வாங்கிப் படித்தேன். நீங்கள் சொல்வது சரி. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், சுண்ணாம்பிலுள்ள காரத்தோடு சேரும்போது சிவக்கிறது. ஆரத்தித் தட்டில் நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவருவது இதைத்தான். சுவரில் பூசிய சுண்ணாம்போ நாள்பட நாள்படக் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு காரம் இழந்துவிடுகிறது. பதிப்பாசிரியர் உட்பட யார் கண்ணிலும் படாத இந்த ஓட்டை, சுண்ணாம்பும் மஞ்சளும் புழங்கிய உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. மூன்று முறை படித்தவர் ஒருவரால்தான் இதைச் சொல்ல முடியும் என்பதால், இதைக் குறை என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை. திருத்தமும் எளிது: பொங்கல் காப்புக் கட்டுக்கு முதல் நாள் வெள்ளையடித்த, ஈரம் உலராத சுவர் என்று மாற்றி, விலை ஏறட்டும் என்று இருப்பு வைத்திருந்த பழைய மஞ்சள் மூட்டையை அன்றைக்கே பிரித்தார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கொலை நடந்த நாளும் அதிலேயே கட்டுப்பட்டுவிடும். (இந்த யோசனைக்கு எனக்குப் பங்கு எதுவும் வேண்டாம்.)

உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத ஒரு பக்கம் அந்த நாவலில் இருக்கிறது. மஞ்சள் வியாபாரி என்று சொல்லிக்கொண்டு வரும் ஒருவன், சாக்கிலிருந்து ஒரு விரலியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு விலை பேசுகிறான். உண்மையான வியாபாரியாக இருந்தால் அதை ஒடித்திருப்பான், ஒடியும் ஓசையைக் கேட்டிருப்பான், பிறகு உள்நிறத்தைப் பார்த்திருப்பான் என்று துப்பறிபவளுக்கு அந்த இடத்தில் சந்தேகம் தட்டுகிறது. நன்றாகக் காய்ந்த விரலி ஒடியும்போது உலோகத்தைத் தட்டினாற்போல் ‘டிணுக்’ என்று கேட்கும் என்று உங்கள் மகள் எழுதியிருக்கிறார். எந்த நூலகத்தில் உட்கார்ந்தும் எழுதிவிட முடியாத வரி அது. காயப்போட்ட களத்தில் அப்பாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டு ஒரு சிறுமி எத்தனை மாசி மாதங்கள் நின்றிருக்க வேண்டும்! அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை செய்து நஞ்சுகளைப் பற்றிக் கற்றுக்கொண்டதை, 1920இல் வெளியான தம் முதல் நாவலிலேயே பயன்படுத்தினார். உங்கள் மகளுக்கு அந்த மருந்தகம் உங்கள் களமாக இருந்திருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கத்தைக் கவனிக்கவில்லை என்று நான் நம்பவில்லை. கூச்சத்தில் தாண்டிப் போயிருப்பீர்கள்.

பந்தியில் கேட்டவரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோவையிலிருந்தபடியே 1,500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ராஜேஷ்குமாரைப் பேருந்துப் பயணங்களில் மடித்து வைத்துப் படித்த தலைமுறைதான் அவருடையதும். ஆண் எழுதினால் விறுவிறுப்பு, வீட்டுப் பெண் எழுதினால் விபரீதம் என்பது அவருடைய கணக்கு. 1925இல் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, 115 நாவல்கள் எழுதிய வை.மு.கோதைநாயகியின் காலத்துக்கே அந்தக் கணக்கு பழையது.

நம் பக்கத்துத் தகப்பன்மார்களுக்குப் பிள்ளைகளைப் பாராட்ட ஒரே ஒரு சொல்தான் வாய்த்திருக்கிறது: ‘பரவால்ல’. பத்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையையும், முதல் சம்பளத்தையும், கட்டிய புது வீட்டையும் என் தகப்பனார் அந்த ஒரே சொல்லால்தான் வாங்கி வைத்தார். நீங்களும் அதற்கு மேல் பேசிவிடுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தொலைபேசியில் அழைத்து, “அம்மிணி, அந்தச் செவுத்துல ஒரு தப்பு இருக்குது” என்றே தொடங்குங்கள். பக்க எண்ணை மட்டும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு சொல்லுங்கள். மீதியைக் கண்டுபிடிப்பது அவருடைய தொழில்.