ஒரு கண்ணில் காயம், மறு கண்ணில் புரை

கேள்வி: கீரியைப் போல நீண்ட உடல் கொண்ட வளர்ப்புப் பிராணியான ஃபெரெட் எங்கள் வீட்டில் இருக்கிறது; ஆண், மூன்று வயது. நான்கு நாட்களுக்கு முன் இன்னொரு ஃபெரெட்டுடன் கட்டிப் புரண்டு விளையாடியபோது அதன் வலது கண்ணில் நகம் பட்டுவிட்டது. அன்றிலிருந்து கண்ணைச் சுருக்கியபடியே இருக்கிறது; நீரும் வடிகிறது. இடது கண்ணிலோ சில மாதங்களாகவே வெண்மை படர்ந்து வருகிறது. முன்பு எனக்குக் கண் சிவந்தபோது மருத்துவர் கொடுத்த சொட்டுமருந்து மிச்சம் இருக்கிறது, அதை விடலாமா? இரண்டு கண்களும் போய்விட்டால் அதை உயிரோடு வைத்திருப்பதே பாவம் என்கிறார் என் கணவர். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்த மருந்துக் குப்பியைத் திறக்கவே வேண்டாம். கண் சிவப்புக்கு மனிதர்களுக்குக் கொடுக்கப்படும் சொட்டுமருந்துகள் பலவற்றில் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கருவிழியின் மேற்பரப்பில் கீறல் இருக்கும்போது அது உள்ளே போனால் புண் ஆறுவது தடைபடும். கிருமிகள் தடையின்றிப் பெருகும். சில வேளைகளில் கருவிழியே கரைந்து துளை விழுந்துவிடும். சிவப்பு குறைவதைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமே என்ற எண்ணமும் வர வேண்டாம். இபுப்ரோஃபென், பாராசிட்டமால் இரண்டுமே ஃபெரெட்டுக்கு நஞ்சு.

நான்கு நாட்களாகக் கண்ணைச் சுருக்குகிறது என்றால் நான்கு நாட்களாக வலிக்கிறது என்றுதான் பொருள். வலியை வெளிக்காட்டாமல் மறைப்பது இந்த விலங்கின் இயல்பு. எனவே இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஃபெரெட், முயல் போன்ற சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகியவராக இருந்தால் நல்லது. அவர் கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயம் ஒன்றை விட்டு நீல ஒளியில் பார்ப்பார். புண் இருக்கும் இடத்தில் மட்டும் சாயம் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும். மேலோட்டமான கீறல் என்றால், தக்க மருந்து விட்டுவர, பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும். மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை அதைத் தோழனிடமிருந்து பிரித்து, வெளிச்சம் மங்கிய இடத்தில் வையுங்கள். கண்ணில் தூசி இருந்தால் மருந்தகத்தில் கிடைக்கும் கிருமி நீக்கிய உப்புநீரால் மெல்லக் கழுவலாம். துணியால் தேய்க்கவோ, குத்தி நிற்கும் எதையும் பிடுங்கவோ கூடாது. பட்டினி போட்டும் கொண்டுபோக வேண்டாம். உண்ட உணவு ஏறத்தாழ மூன்று நான்கு மணி நேரத்தில் ஃபெரெட்டின் குடலைக் கடந்துவிடும் என்பதால், நாய்க்கும் பூனைக்கும் போல இரவு முழுவதும் வெறும் வயிற்றில் வைத்தால் அதன் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடக்கூடும். மயக்க மருந்து தேவைப்பட்டால் எத்தனை மணி நேரம் உணவு கொடுக்கக் கூடாது என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து விடுவது பெரும்பாடு என்று பலர் எனக்கு எழுதுவதுண்டு. பிடரித் தோலை முழுக் கையால் பற்றி உடலைத் தொங்கவிட்டால் பெரும்பாலான ஃபெரெட்டுகள் உடல் தளர்ந்து கொட்டாவி விடும். அந்தச் சில நொடிகளே போதும். இரண்டு மருந்துகள் எழுதிக் கொடுத்திருந்தால் இடையில் ஐந்து நிமிடமாவது விடுங்கள். இல்லையெனில் இரண்டாவது, முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். கண்ணைச் சொறியாமலிருக்க நாய்களுக்கு மாட்டும் கூம்பு வளையம் இங்கே அவ்வளவாக உதவாது. தலையும் கழுத்தும் ஏறத்தாழ ஒரே பருமனாக இருப்பதால் பின்னால் நகர்ந்தே அதைக் கழற்றிவிடும்.

இடது கண்ணின் வெண்மை பெரும்பாலும் கண்புரையாக இருக்கலாம். ஃபெரெட்டுகளிடம் பரம்பரையாக வரும் புரை இளம் வயதிலேயே தோன்றுவதுண்டு. புரையால் வலி இல்லாதவரை அதற்கு அறுவைச் சிகிச்சை கட்டாயமில்லை. ஆனால் புரை முற்றிய கண்ணில் அழற்சி உண்டாகலாம்; லென்ஸ் இடம் நழுவி, கண்ணின் உள்ளழுத்தம் ஏறலாம். கண் திடீரெனப் பெரிதாகத் தெரிந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தாலோ அது அவசரம். பார்வையும் போய், தீராத வலி மட்டும் மிஞ்சும் கண்ணை அகற்றிவிடுவதே கருணை. பார்க்கும் நமக்குத்தான் அது கொடூரமாகத் தோன்றுகிறது. வலி நீங்கிய சில நாட்களிலேயே மீண்டும் விளையாடத் தொடங்கும் பிராணிகளே அதிகம்.

உங்கள் கணவரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும் அவர் கண்ணை நம்பி வாழும் நம் நிலையிலிருந்து அதை அளக்கிறார். இருண்ட வளைகளுக்குள் புகுந்து முயலை விரட்டுவதற்காகவே மனிதன் தலைமுறை தலைமுறையாக வளர்த்த விலங்கு ஃபெரெட். அதன் பார்வை முழுமையாக இருக்கும்போதே சிறிது தூரத்துக்கு அப்பால் தெளிவில்லாதது. மூக்கும் காதும் மீசை மயிரும்தான் அதற்கு உலகத்தைக் காட்டுகின்றன. பார்வை இழந்த ஃபெரெட் பழகிய வீட்டில் அவ்வளவு இயல்பாகத் திரிவதால், நாற்காலியை இடம் மாற்றிய அன்று அது போய் முட்டிக்கொள்ளும்போதுதான் சில வீட்டாருக்கு விஷயமே தெரியவருகிறது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, எதையும் இடம் மாற்றாமலிருப்பது. உணவுக் கிண்ணம், தண்ணீர், படுக்கை, அது பின்வாங்கிச் சென்று மலம் கழிக்கும் மூலை எல்லாம் இன்று எங்கே இருக்கின்றனவோ அங்கேயே இருக்கட்டும். கூண்டில் மேல்தளங்கள் இருந்தால் மூடிவிடுங்கள். உயரத்தைக் கணிக்கும் திறன் இந்த விலங்குக்கு எப்போதும் குறைவு, விழுந்தால் அடி பலமாகப் படும். தொங்கு படுக்கையைத் தரையோடு ஒட்டினாற்போல் தாழ்த்திக் கட்டுங்கள். கூண்டு வாசலில் ஒருவகை விரிப்பும் கழிப்பிடத்தின் முன் வேறொரு வகை விரிப்பும் போட்டால் பாதங்களே வழி சொல்லும். வாசனைத் திரவியத்தால் அடையாளம் வைக்கும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. அவ்வளவு கூர்மையான மூக்குக்கு அது இரைச்சல் போன்றது. தூசி பறக்கும் மரத்தூள் படுக்கையை நீக்கிவிட்டுத் துவைத்த துணி விரியுங்கள்.

ஃபெரெட் நாளின் பெரும்பகுதியை உறக்கத்தில் கழிப்பது. உறங்கினால் உயிர் இருக்கிறதா என்று ஐயம் வரும் அளவுக்கு ஆழ்ந்து உறங்குவது. பார்வையில்லாத நிலையில் அதைத் திடீரென்று தூக்கினால் அச்சத்தில் கடித்துவிடும். அதைக் குணக்கேடு என்று தண்டிக்கக் கூடாது. பெயர் சொல்லி அழைத்து, தரையை மெல்லத் தட்டி, புறங்கையை மூக்கருகே நீட்டி, அது முகர்ந்த பிறகே தொட வேண்டும் என்பதை வீட்டுக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். கண் ஆறிய பின் தோழனோடு சேர்த்து விடலாம். அதற்குமுன் இரண்டுக்கும் நகம் வெட்டிவிடுங்கள். பார்வையுள்ள ஃபெரெட்டின் கழுத்தில், இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும் பட்டையில் ஒரு சிறு மணியைக் கட்டினால், அது எங்கிருந்து பாய்கிறது என்று மற்றதற்குத் தெரியும். விளையாட்டுப் பொருட்களில் சலசலப்பவை நல்லவை. ரப்பர் வேண்டாம், கடித்து விழுங்கினால் குடலை அடைத்துவிடும்.

இன்று மருத்துவரிடம் போகும்போது வலது கண்ணை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாமல், இடது கண்ணின் அழுத்தத்தையும் அளந்து குறித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை அளக்கும்போது ஒப்பிட அந்த எண் தேவைப்படும்.