வரலாறு படித்தவள் கடையில் என்ன செய்வாள்?

அன்புள்ள அண்ணனுக்கு,

குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் மலைச்சரக்கும் வாங்கி விற்கிற கடை எங்களுடையது. அப்பா 1971-ல் தொடங்கியது. எனக்கு ஒரே மகள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள், நல்ல மார்க். பி.காம். அல்லது பி.பி.ஏ. சேர்த்துவிடலாம், அப்புறம் கடையைப் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன். அவளோ நாகர்கோவிலில் பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். சரி, கடை வேண்டாமா என்று கேட்டால், கடைக்கும் வருவேன் என்கிறாள். இரண்டும் எப்படிச் சேரும் என்று எனக்குப் புரியவில்லை. திருவனந்தபுரத்தில் கம்பெனி வேலையில் இருக்கும் என் மச்சான், "பி.ஏ. படித்தால் டியூஷன் எடுக்கலாம், வேறென்ன" என்று போனில் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒரு வாரமாக வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

நீங்கள் வரலாறு படித்துவிட்டு அண்டி (முந்திரி) ஏற்றுமதியில் வேலை பார்த்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் படிப்பு உண்மையிலேயே அங்கே உதவியதா? மனதில் உள்ளதை எழுதுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்,
குலசேகரம்

அன்புள்ள தம்பி,

உதவியது. எப்படி உதவியது என்று சொல்ல ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. தக்கலைப் பக்கம் ஓர் அண்டி ஆபீசில் நான் கடிதப் போக்குவரத்து பார்த்துக்கொண்டிருந்தேன். (வெளியூர் வாசகர்களுக்கு: முந்திரிக்கொட்டை எங்களுக்கு அண்டி, அதை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிற்சாலை அண்டி ஆபீஸ்.) ஐரோப்பாவுக்கு ஒரு கண்டெய்னர் பருப்பு அனுப்பியிருந்தோம். 700 பெட்டி. பெட்டிக்கு இரண்டு டின், டின்னுக்கு 25 பவுண்டு எடை. தரம் டபிள்யூ 320, அதாவது ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்க வேண்டும். வாங்கியவரிடமிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. உடைசல் அளவுக்கு மேல் இருக்கிறது, மொத்தச் சரக்குக்கும் விலையைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று. மானேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. உடனே ஒரு சூடான பதிலைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். கணக்கர் திருப்பி எடுத்தால் எவ்வளவு போகும் என்று தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆபீசில் ஆங்கில இலக்கியம் படித்த ஓர் அக்கா இருந்தார். அவர் அந்த ஃபேக்ஸை வாங்கி மூன்று தடவை வாசித்தார். பிறகு பென்சிலால் ஓர் இடத்தில் கோடு போட்டு என்னிடம் நீட்டினார். "நாங்கள் திறந்து பார்த்த டின்களில்" என்று பொருள்படும் சில சொற்கள். "எத்தனை டின் திறந்தார் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறாரா, பாரு" என்றார். இல்லை. 1,400 டின்னில் பத்தைத் திறந்தாரா, நூறைத் திறந்தாரா என்பதற்கு அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் வாசித்தோம், அந்த ஓட்டை அவர் கண்ணில் மட்டும்தான் பட்டது.

எனக்கு வேறொரு பழக்கம் இருந்தது, வரலாற்று வகுப்பில் ஒரு பேராசிரியர் ஊட்டியது. கல்வெட்டோ, ஓலையோ, கடிதமோ எது கையில் வந்தாலும் அவர் முதலில் கேட்பது, "இவன் இதை ஏன் இப்போது எழுதுகிறான்?" ஃபைலை எடுத்துத் தேதிகளை வரிசையாக எழுதினேன். ஒப்பந்தம் போட்ட தேதி, கப்பல் ஏறிய தேதி, துறைமுகம் சேர்ந்த தேதி, ஃபேக்ஸ் வந்த தேதி. சரக்கு போய்ச் சேர்ந்து மூன்று வாரம் அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் சந்தை விலை இரண்டு முறை இறங்கியிருந்தது. ஒப்பந்த விலை அவருக்கு இப்போது கசக்கிறது என்பது தெளிவாகிவிட்டது.

ஆனால் அந்தப் பேராசிரியர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருந்தார். எதிராளியின் ஆவணத்தை எப்படிச் சந்தேகப்படுகிறாயோ அப்படியே உன் பக்கத்து ஆவணத்தையும் பார். எங்கள் பேக்கிங் பதிவேட்டைப் புரட்டினேன். அடைமழை வாரத்தில் கட்டிய ஒரு லாட், 90 பெட்டி, அதில் உடைசல் கூடுதல் என்று எங்கள் மேற்பார்வையாளர் கையாலேயே குறிப்பு இருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தாமல் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

கடைசியில் போன பதில் அரைப்பக்கம்தான். அக்கா எழுதினார். அந்த 90 பெட்டியில் குறை இருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறோம். மற்றவற்றுக்கு எத்தனை டின், எந்தெந்த லாட் என்று சொல்லுங்கள். வேண்டுமானால் இரு தரப்புக்கும் பொதுவான சர்வேயர், அதாவது சரக்குப் பரிசோதகர், ஒருவர் பார்க்கட்டும். நான்கு நாளில் பதில் வந்தது. 90 பெட்டிக்கு மட்டும் தள்ளுபடி, அத்தோடு முடிந்தது. மானேஜரின் கடிதம் போயிருந்தால் ஒரு நல்ல கொள்முதல்காரரை இழந்திருப்போம். அவர் அதன் பிறகும் பல வருடம் எங்களிடம் வாங்கினார்.

தம்பி, இதில் நானும் அக்காவும் செய்தது எதுவும் பி.காம். பாடத்தில் கிடையாது. பி.காமைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்தக் கணக்கர் போட்ட கணக்கு இல்லாமல் எங்களுக்குப் பேரம் பேசவே தைரியம் வந்திருக்காது. வியாபாரத்தில் பாதிநேரம் நம் கைக்கு வருவது அரைகுறைத் தகவல். யாரோ ஒருவர் தன் வசதிக்குச் சொன்ன தகவல். அதை வைத்துக்கொண்டு இன்றைக்கே ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அரைகுறைச் சான்றுகளை வைத்து எது நடந்திருக்கும் என்று நிதானமாக யோசிப்பதுதான் வரலாற்று மாணவருக்கு மூன்று வருடப் பயிற்சி. சொல்லப்பட்டதற்கும் சொல்லாமல் விட்டதற்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்ப்பது இலக்கிய மாணவருக்கு. இவை கடைக்கு வெளியே இருக்கிற விஷயங்கள் என்று நாம் ஏன் முடிவு செய்தோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கலைப்படிப்பு படித்துப் பெரிய ஆள் ஆனவர்களின் பட்டியலை இந்த இடத்தில் சொல்வது வழக்கம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தை 2001 முதல் 2018 வரை நடத்திய கென்னத் செனால்ட் வரலாறு படித்தவர். அலுவலகங்களில் செய்தி பரிமாறப் பயன்படும் செயலியான ஸ்லாக்கின் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு தத்துவம் படித்தவர். உண்மைதான். ஆனால் செனால்ட் அதற்கப்புறம் ஹார்வர்டில் சட்டமும் படித்தார். அதே வரலாறு படித்து ஒன்றும் ஆகாதவர்களின் பட்டியலை யாரும் போடுவதில்லை. இதைக் காட்டி நான் உங்களைச் சம்மதிக்கவைக்க மாட்டேன்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பெல் டெலிஃபோன் கதை. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் நிறுவனத்தில் ஒரு கவலை எழுந்தது. தொழில்நுட்பப் பயிற்சி பெற்றுக் கீழிருந்து மேலே வருகிற அதிகாரிகள் கேட்ட கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்கிறார்கள், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் 1953-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். நடுத்தர அதிகாரிகளை வேலையிலிருந்து விடுவித்துப் பத்து மாதம் இலக்கியம், வரலாறு, தத்துவம், ஓவியம், இசை படிக்க அனுப்பினார்கள். முதல் அணியில் 17 பேர். லாபத்துக்காக நடக்கிற ஒரு கம்பெனி, சம்பளமும் கொடுத்துக் கவிதை படிக்க அனுப்பியது! பலனும் இருந்தது. திரும்பி வந்தவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடியிருந்தது, வாசிப்பு கூடியிருந்தது. கூடவே, குடும்பத்தையும் ஊரையும் தள்ளிவைத்துக் கம்பெனி லாபத்தை முன்னால் வைக்கிற ஆர்வம் அவர்களுக்குக் குறைந்திருந்தது. 1960 வாக்கில் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் மகள் நாகர்கோவில் போய் மூன்று வருடம் ஒழுங்காக வரலாறு படித்தால், வியாபாரத்துக்குத் தேவையான கூர்மை வரும். அதோடு, எடையில், விலையில், கடனில் நீங்கள் இத்தனை நாள் செய்துவந்த சிலவற்றை ஏன் இப்படிச் செய்கிறோம் என்றும் கேட்பாள். ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு ஷீட்டுக்கு நீங்கள் போடுகிற விலையைப் பற்றிக் கேட்பாள். அந்தக் கேள்வியைத் தாங்குகிற மனம் உங்களுக்கு இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

இனி உங்கள் மச்சான் சொன்னதற்கு வருகிறேன். அவர் பேச்சு எனக்கு வருத்தம் தந்தாலும், அதில் ஒரு பங்கு உண்மை. நோட்ஸை மனப்பாடம் செய்து, ஐந்து மார்க் கேள்விக்கு ஐந்து பாயின்ட் எழுதி டிகிரி வாங்கினால் அந்த பி.ஏ.வால் ஒரு பயனும் இல்லை. நான் படித்த இடத்திலேயே அப்படி வாங்கிப்போனவர்கள் அதிகம். பேராசிரியர்களில் இரண்டு பேர்தான் எங்களை மூல நூல்களைத் திறக்கவைத்தார்கள். ஆகவே கல்லூரியில் இடம் வாங்குவதற்கு முன்னால் மகளை அழைத்துக்கொண்டு போய் நூலகத்தைப் பாருங்கள். மாணவர்கள் புத்தகத்தை எடுத்துப்போகிறார்களா, அலமாரி பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூத்த மாணவிகளிடம் பேசவிடுங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப்போவார்களா, போய் வந்து எழுதச் சொல்வார்களா என்று அவளே கேட்டுக்கொள்ளட்டும்.

கணக்கை அவள் உங்களிடம் படிக்கலாம். சாயங்காலம் ஒரு மணி நேரம், ஆறு மாதம். வரவு செலவு, ஐந்தொகை, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டாலி என்கிற கணக்கு மென்பொருள். எக்செல் அவளாகவே பழகிவிடுவாள். மலையாளம் பேச்சுக்கு வரும், எழுத்தையும் பழகச் சொல்லுங்கள், ரப்பர் யாவாரத்துக்குக் கோட்டயம் பக்கம் இல்லாமல் முடியாது. பிற்பாடு எம்.பி.ஏ. படிக்க ஆசைப்பட்டாலும் கதவு திறந்துதான் இருக்கிறது. ஐ.ஐ.எம். நுழைவுத்தேர்வான கேட் எழுத எந்தப் பாடத்திலும் டிகிரி இருக்கலாம், பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம் மார்க் போதும். அதில் மூன்று பகுதிகளில் ஒன்று வாசித்துப் புரிந்துகொள்வது. கணிதப் பகுதிக்குத்தான் அவள் தனியாக உழைக்க வேண்டியிருக்கும். படிப்பை முடித்தவுடன் கிடைக்கிற முதல் சம்பளம் இன்ஜினியரிங் படித்த பிள்ளையைவிடக் குறைவாக இருக்கலாம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் கடை இருப்பதால் அந்தப் பயம் உங்களுக்குப் பாதிதான்.

கடைசியாக ஒன்று. உங்கள் அப்பா 1971-ல் தொடங்கிய கடை என்கிறீர்கள். அப்படியானால் பழைய நாள்வழி நோட்டுகள், பேரேடுகள் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ கிடக்கும். கரையான் தின்றதுபோக மிச்சமிருந்தால் இறக்கி அவளிடம் கொடுங்கள். கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறதே. ஷீட் என்ன விலைக்கு எடுத்தார்கள், ஒட்டுப்பால் (சிரட்டையில் உறைந்து ஒட்டிய ரப்பர்) என்ன விலை, எந்த மாதத்தில் யார் யார் கடன் வாங்கினார்கள், யாருடைய பெயர் திடீரென்று நின்றுபோகிறது என்று வருடவாரியாக எடுத்து எழுதட்டும். 2011-ல் கிலோ 240 ரூபாய் வரை போன ஷீட் 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே வந்ததே, அந்த ஐந்து வருடத்தில் உங்களுக்குச் சரக்கு கொண்டுவந்தவர்களில் எத்தனை பேர் மரத்தில் பால்வெட்டாமலே விட்டார்கள், எத்தனை பேர் மரத்தையே முறித்துவிட்டு வேறு பயிர் வைத்தார்கள் என்று அந்த நோட்டுகளைப் பார்த்தாலே தெரியும். 1876-ல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, ஆசியா முழுக்கப் பரவி, குலசேகரத்து மேட்டுக்கு வந்து சேர்ந்த கதையையும், சீனாவில் டயர் தேவை கூடினால் உங்கள் கடைத் திண்ணையில் ஏன் கூட்டம் கூடுகிறது என்பதையும் அவள் அதோடு சேர்த்து வாசிக்கட்டும்.

எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், நான் வாசிக்கிறேன். உங்கள் மச்சானுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்
அண்ணன்