வாடகை பாக்கிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கலாமா?

கேள்வி: தமிழ்நாட்டில் உள்ள எங்கள் மாடி வீட்டை 11 மாத ஒப்பந்தத்தில் விட்டிருந்தேன். அது முடிந்து இரண்டு ஆண்டுகளாகியும் புதுப்பிக்கவில்லை, பதிவும் செய்யவில்லை. இப்போது வாடகைதாரர் மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருக்கிறார். கேட்டால் மரியாதையின்றிப் பேசுகிறார். ஐந்து மாத முன்பணம் என்னிடம் உள்ளது. ஓய்வூதியம் போக இந்த வாடகைதான் எனக்கு வருமானம். மின்சாரத்தைத் துண்டிக்கலாமா?

பதில்: துண்டிக்காதீர்கள். அவர் பேசிய விதம் உங்களைப் புண்படுத்தியிருக்கும். ஆனால் வாடகை நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை. உங்களிடம் நடப்பில் உள்ள, பதிவு பெற்ற ஒப்பந்தம் இல்லை என்பதே இங்கு சிக்கல். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியுள்ளது. ஆகவே முதலில் பாக்கியைக் கோரியும், புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட அழைத்தும் நோட்டீஸ் அனுப்புங்கள். இரண்டு மாத பாக்கி வெளியேற்றத்திற்குக் காரணமாகும். ஆனால் நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்திற்குள் அவர் கட்டிவிட்டால் அந்தக் காரணம் நிற்காது.

சிறு வீட்டு உரிமையாளர்கள் விழும் குழி வேறு. பொறுமையிழந்து ஒரு நாள் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவார்கள். வாடகைதாரர் அதைக் கைப்பேசியில் படமெடுத்துப் புகார் கொடுப்பார். மின்சாரம், தண்ணீர் போன்ற இன்றியமையாத வசதிகளை நிறுத்துவதை அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தடை செய்கிறது. விசாரணை முடியும் முன்பே, இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்படி, ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் வாடகை அதிகார அமைப்பு (Rent Authority) இடைக்கால உத்தரவிடலாம். அதன்பின் பாக்கி வைத்தவரின் கணக்கை யாரும் கேட்பதில்லை, மோட்டாரை ஏன் நிறுத்தினீர்கள் என்று உங்களைத்தான் கேட்பார்கள். வாடகைதாரர் வெளியில் போயிருக்கும் நேரத்தில் வேறு பூட்டு போடுவதும் இதே கதியில்தான் முடியும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். காலி செய்ய இரண்டு மாதம் கொடுத்தால் பாக்கியும் அந்த வாடகையும் முன்பணத்தோடு சரியாகிவிடும். குறித்த நாளில் சாவி கொடுத்தால் ஒரு மாத வாடகையைத் திருப்பித் தருவதாகவும் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த இழப்பு, வழக்கு நடக்கும் காலமெல்லாம் வாடகையின்றி இருப்பதைவிடச் சிறியது. ஆனால் இதை வெறும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு நிம்மதியடையாதீர்கள். அவர் மறுத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். வாடகை நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்து, சமரசத்தை அங்கேயே பதிவு செய்து உத்தரவாகப் பெறுங்கள். சாவியும் மின்கட்டண ரசீதும் கைக்கு வரும்வரை அந்த ஒரு மாதப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.