படிப்பில் மனம் ஒட்டாதது ஏன்?

கேள்வி: பள்ளியில் எப்போதும் முதல் மதிப்பெண் பெற்றுவந்த நான், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டுக்கு வந்தபின் புத்தகத்தைத் திறந்தாலே சோர்ந்துபோகிறேன். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால் பரிசு வாங்கித் தருவதாகப் பெற்றோர் சொல்லியும் மனம் அசையவில்லை. இது சோம்பலா?

பதில்: இதைச் சோம்பல் என்று நான் கருதவில்லை. ஒரு செயலைத் தன்னால் செய்து முடிக்க முடியும் என்ற நம்பிக்கைதான், ஒருவர் அதில் எவ்வளவு முயல்வார், தடை வந்தால் எவ்வளவு தாக்குப்பிடிப்பார் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எடுத்துரைத்தார். பிறர் கூறும் ஊக்க வார்த்தைகளைவிட, தானே செய்து வென்ற அனுபவமே அந்த நம்பிக்கையை வலுவாக வளர்க்கிறது. பள்ளியில் முதலிடத்தில் இருந்தவர்களே ஒரு வகுப்பில் கூடும்போது, அவர்களில் பெரும்பாலோர் பழைய இடத்தை இழந்துதான் ஆக வேண்டும். அப்போது குறைந்த மதிப்பெண்ணுக்கு என்ன காரணம் கற்பித்துக்கொள்கிறோம் என்பது மிக முக்கியம். ‘எனக்கு அறிவு போதாது’ என்று நினைப்பவர் முயற்சியைக் கைவிடுகிறார். ‘படித்த முறை சரியில்லை’ என்று நினைப்பவருக்கு மாற்றிக்கொள்ள ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. திருத்தப்பட்ட விடைத்தாளை மொத்த மதிப்பெண்ணைப் பாராமல் கேள்வி கேள்வியாகப் புரட்டி, எந்தப் படியில் தவறினீர்கள் என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் அறிவுக் குறை அல்ல, விட்டுப்போன ஓர் அடிப்படைப் பாடமே அங்கே தென்படும்.

பரிசைப் பற்றி உங்கள் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களுக்குப் புதிர்கள் தரப்பட்டன. விடுவித்த புதிர்களுக்குப் பணம் பெற்ற குழுவினர், பணம் நின்றபின் ஓய்வு நேரத்தில் முன்பைவிடக் குறைவாகவே புதிரைத் தொட்டனர். பின்னர் டெசியும் உளவியலாளர் ரிச்சர்ட் ரயனும், தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, திறமை வளர்கிறது என்ற உணர்வு, பிறரோடு உறவு ஆகிய மூன்றுமே உள்ளார்ந்த ஊக்கத்தை, அதாவது பரிசுக்காக அன்றிச் செயலின் மீதுள்ள விருப்பத்தாலேயே எழும் ஊக்கத்தை, வளர்ப்பவை என்று விளக்கினர். ஆகவே மதிப்பெண்ணுக்கு விலை பேசுவதைவிட, இன்று என்ன புரிந்தது என்று அக்கறையோடு கேட்பது நல்லது. நீங்களும் ஒரு வகுப்புத் தோழரோடு சேர்ந்து, தினமும் முடிக்கக்கூடிய சிறு பகுதியை நீங்களே தேர்ந்து படியுங்கள்.

படிப்பில் மட்டுமன்றித் தூக்கம், உணவு, நண்பர்கள் என எல்லாவற்றிலும் நாட்டம் குறைந்து, அந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், தயங்காமல் பல்கலைக்கழக மனநல ஆலோசகரைச் சந்தியுங்கள்.